ஒரு பல் தள்ளி

பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும்.
தெரியும். மறந்துவிட்டேன்.
ஹாரன் மூடியை நெம்பியதும்
கோட்டையூரின் பகல் தூக்கம் முழுவதும்
எழுந்து உட்கார்ந்தது.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் உள்ள வீடு.
இரண்டு தெருவிலிருந்தும் ஆள் வந்து பார்த்தார்கள்.

வீட்டில் எனக்கு எட்டில் ஒன்று.
வயிரவனுக்கும் எட்டில் ஒன்று.
ஃபியட்டில் மட்டும் பாதிக்குப் பாதி.
கொட்டகை ஆணியில் தொங்கும் நோட்டில்
போகும்போது ஓர் எண், வரும்போது ஓர் எண்,
கழித்துக் கண்டது பெட்ரோல் காசு.
பங்காளிகளுக்குள் பொய் சொல்லாத ஒரே ஆள்
அந்த மீட்டர்தான்.
அதுவும் சித்திரையிலிருந்து
61,417-இல் நிற்கிறது.

நான் எதுவும் கேட்கவில்லை.
வயிரவனும் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதில்
இருவருக்கும் நல்ல தேர்ச்சி.
ஆனால் மதுரை போய்வந்த அன்று
அவன் நோட்டில் போட்டிருந்தான்: சுமார் 190.
சுமார்.
கூட்டுறவுச் சங்கத்தில் பத்தொன்பது வருடம்
காசு எண்ணியவனால்
அந்தச் சொல்லோடு ஒரே வீட்டில் தூங்க முடியாது.

ஆகவே ஞாயிறு. ஆகவே இந்த நட்டு.
முழுசாக் கழத்தாதீங்க, ரெண்டு மரை மிச்சம் விடுங்க,
இல்லாட்டி சக்கரம் மூக்கைப் பேத்துரும் என்று
புதுவயல் மெக்கானிக் சொன்னது மட்டும் நினைவிருந்தது.
இழுத்தேன். ஆட்டினேன். முழங்காலால் முட்டினேன்.
முருகன் பெயரைச் சொல்லி ஒரு தடவை.
சொல்லக் கூடாததைச் சொல்லி ஒரு தடவை.
இரண்டாவதற்கு வந்தது.
காருக்குள் உட்கார்ந்து
கையில் தனியாக ஒரு ஸ்டியரிங்கை வைத்திருப்பவனுக்கு
என்ன வயது என்று சொல்வது கடினம்.
இடது பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
வலது பக்கமும்.
கொட்டகை நேராகத்தான் நின்றது.

அடுத்து மீட்டர் பலகை.
மூன்று திருகு வந்துவிட்டது.
நான்காவது எங்கோ இருக்கிறது;
ஒரு மூலை மட்டும் விட மாட்டேன் என்கிறது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தலைகீழாக நான் கிடக்கையில்
வற்றல் தாம்பாளத்தோடு வெயிலுக்குப் போகிற நாச்சம்மை
நடை நிற்காமல் சொன்னாள்:
“ஆஷ்டிரேயை உருவிட்டு உள்ள கைய விடுங்க.
அங்கனதான் ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்.”

அங்கேதான் இருந்தது.

வாயில் டார்ச் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பலகை மடியில் விழுந்தது.
பின்னால் ஸ்பீடாமீட்டர் கேபிள்
அறுந்திருக்கவில்லை.
பக்குவமாகக் கழற்றி,
நுனியில் தூசி ஏறாமல் மாம்பழ நிறத் துணி சுற்றி,
ஒரு கொண்டை ஊசி குத்தியிருந்தது.
துணி, வயிரவன் மனைவி சிட்டாள்
பொங்கலுக்குத் தைத்த ரவிக்கையின் மிச்சம்.
ஊசியின் ஜோடி
என் கட்டிலடியில் கிடக்கிறது.

பிறகு கணக்குப் போட்டேன், எனக்கு வேறென்ன தெரியும்.
விடியுமுன் இருவரும் முதல் பஸ் பிடித்து
குன்றக்குடி போய்வந்த செவ்வாய்க்கிழமைகள்.
புதன் தவறாமல் முன்னே நகர்ந்திருக்கும் சீட்;
வயிரவன் குள்ளம் என்று திட்டிக்கொண்டே
பின்னால் தள்ளுவேன்.
அவன் என்னைவிட ஒரு சாண் உயரம்
என்பது இப்போதுதான் உறைத்தது.
இந்த இரும்பை, சத்தம் கேட்காத தூரம்வரை,
புடவையை இழுத்துச் செருகி
இரண்டு பேரும் தள்ளியிருப்பார்கள்.
பெட்ரோல் முள் ஒருநாளும் இறங்கியதில்லை.
அதையும் பாதிக்குப் பாதி போட்டிருப்பார்கள்.

கேபிளை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினேன்.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.
பிறகு கழற்றினேன்.
அதே துணி. அதே ஊசி, அதே ஓட்டையில்.
நான்கு திருகு. ஆஷ்டிரே.
சக்கரம் இருந்த இடத்துக்கு அடையாளம் வைக்காததால்
உத்தேசமாக நிறுத்தி நட்டை முறுக்கினேன்.
நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே
எதுவும் எழுதவில்லை.

புதன்கிழமை காலை, தோசை வைக்கும்போது சொன்னாள்:
“ஸ்டியரிங் ஒரு பல்லு தள்ளி உக்காந்திருக்கு.
நேராப் போனாலும் வலப்பக்கம் சாஞ்சே நிக்குது.”
கரண்டி நடுங்கவில்லை.
எனக்குத்தான் சட்னி விரலிடுக்கில் வழிந்தது.

“ஞாயித்துக்கிழமை பாக்குறேன்” என்றேன்.

“பேட்டரியை மொதல்ல கழத்திருங்க” என்றாள்.